கூடாரம் தெரிகிறது, வாடகை தெரியவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணாச்சிக்கும் அவருடைய அணியினருக்கும், காலையில் 90 அடி ரோட்டில் பொங்கல் பானை இறக்கிவிட்டு, மாலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கும் தாராவித் தாய்மார்களுக்கும் என் வணக்கம்.

பின்னால் வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பணக்கார நாட்டில் ஒருவர் வீடில்லாமல் தெருவில் கிடந்தால், அது அவருடைய தவறா, அந்த நாட்டின் தவறா? அவர் தவறுதான் என்று அண்ணாச்சி அணி பேசுகிறது. நாட்டின் தவறு என்று வாதாட நான் வந்திருக்கிறேன்.

அண்ணாச்சி என்ன சொன்னார்? "கலிபோர்னியாவில் இருக்கிற என் தம்பி மகன் வீடியோ காலில் காட்டினான். நடைபாதையில் கூடாரம், பக்கத்தில் கடைத் தள்ளுவண்டி, படுத்திருக்கிறவன் கையில் செல்போன். உழைக்கிறவனுக்கு அள்ளிக் கொடுக்கிற நாடு அது. அங்கேயும் ஒருவன் தெருவில் கிடக்கிறான் என்றால் அவனுக்கு உடம்பு வளையவில்லை" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

அந்தக் கைதட்டலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. அமெரிக்காவே அப்படித்தான் நினைக்கிறது. 1990-களில் பல நாடுகளில் நடந்த கருத்தாய்வில், ஏழைகள் சோம்பேறிகள் என்று சொன்ன அமெரிக்கர்கள் நூற்றுக்கு 60 பேர். ஐரோப்பாவில் அப்படிச் சொன்னவர்கள் 30 பேர்கூட இல்லை. பசி இரண்டு இடத்திலும் பசிதான். பார்க்கிற கண்தான் வேறு. அந்தக் கண்ணைப் பற்றித்தான் இன்றைக்கு நான் பேசப் போகிறேன்.

2024 ஜனவரியில் ஒரே ஓர் இரவில் அமெரிக்க அரசு தலை எண்ணிப் பார்த்தது. சொந்தமாக ஒரு கூரை இல்லாமல் இருந்தவர்கள் 7,71,480 பேர். 2007-ல் இந்தக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து இதுதான் மிக அதிகம். இவர்கள் யார்? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் அந்த மாநிலத்தில் வீடற்றவர்கள் 3,200 பேரிடம் விசாரித்து 2023-ல் அறிக்கை கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள். பத்தில் ஒன்பது பேர் கடைசியாக வீட்டை இழந்தது கலிபோர்னியாவிலேயேதான். எங்கிருந்தோ வெயில் காய வந்தவர்கள் இல்லை. தெருவுக்கு வருவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அவர்களில் பாதிப் பேரின் வீட்டு வருமானம் மாதம் 960 டாலருக்கு மேல் இல்லை. அதில் சோறா தின்பது, வாடகையா கொடுப்பது?

"வேலைக்குப் போகலாமே" என்று முன்வரிசையில் ஓர் ஐயா கேட்கிறார். போகிறார்கள், ஐயா. சிகாகோ பல்கலைக்கழகத்தார் 2021-ல் அரசுப் பதிவுகளை எடுத்துச் சரிபார்த்தார்கள். காப்பகங்களில் படுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள், அப்படிப் படுத்திருந்த அதே ஆண்டில் எங்கேயோ வேலை பார்த்துச் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். தெருவிலேயே படுத்தவர்களில் நூற்றுக்கு 40 பேர். அந்த நாட்டு மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-ல் வைத்தது, இன்னும் ஒரு காசு ஏறவில்லை. வாடகை ஏறாமல் நின்றதா? சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, வாடகை மட்டும் மாடிக்கு மேல் மாடி ஏறினால், நடுவில் இருப்பவர் எங்கே போய் விழுவார்?

இங்கேதான் நம்ம தாராவியைப் பற்றி ஒரு வார்த்தை. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த நம் பெரியவர்களுக்கு இந்த ஊரில் என்ன கிடைத்தது? பத்துக்குப் பத்து ஒரு கோலி, அதாவது ஓர் அறை. அதில் எட்டுப் பேர். தண்ணீருக்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. அதைப் பெருமையாகச் சொல்ல நான் வரவில்லை. ஆனாலும் கதவு இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் இருந்தது. ஊரிலிருந்து வந்தவன் முதல் மாதச் சம்பளத்தில் கால் வைக்க ஓர் இடம் இருந்தது. அமெரிக்க நகரங்களிலும் ஒரு காலத்தில் இப்படி இருந்தது. ஒரு கட்டில் போடும் அளவுக்கு ஓர் அறை, நாலு அறைக்குப் பொதுவாக ஒரு கழிப்பறை, வாரக் கணக்கில் வாடகை. கூலிக்காரர், கப்பலில் வந்தவர், மனைவியை இழந்த கிழவர் எல்லோரும் அங்கே காலம் தள்ளினார்கள். "அசிங்கமாக இருக்கிறது, நகரத்துக்கு மரியாதை இல்லை" என்று அவற்றை இடித்தார்கள். நியூயார்க் 1955-லேயே புதிதாக அப்படிக் கட்டக்கூடாது என்று தடை போட்டது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் போயின. ஏணியின் கீழ்ப்படிகளைப் பிடுங்கிவிட்டு, ஏறத் தெரியாதவன் என்று கீழே நிற்பவனைத் திட்டுகிறார்கள்.

அதனால்தான், அண்ணாச்சி, "தாராவியைப் பார்த்தவனுக்கு அமெரிக்க வறுமை ஒரு வறுமையா" என்று நீங்கள் கேட்டபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கையில் செல்போன் இருக்கிறது என்கிறீர்கள். செல்போன் இல்லாமல் அங்கே எந்த வேலைக்கு விண்ணப்பிப்பது? காரில் தூங்குகிறாரே, கார் இருக்கிறதே என்கிறீர்கள். சயானில் ஏறி சிஎஸ்டி பக்கமோ, மாஹிமில் ஏறி சர்ச்கேட் பக்கமோ போக நமக்கு லோக்கல் ரயில் இருக்கிறது, பாஸ் எடுத்தால் மாதம் ஓடிவிடும். அந்த நாட்டில் பெரும்பாலான ஊர்களில் கார் இல்லாவிட்டால் வேலை இல்லை. வாடகையா காரா என்று வரும்போது அவர்கள் காரை வைத்துக்கொள்கிறார்கள், சம்பளம் நின்றுபோகக்கூடாது என்று. காரில் தூங்குகிறவர்களுக்காகவே இரவில் வண்டி நிறுத்த இடம் ஒதுக்கிக் கொடுக்கும் திட்டங்கள் கலிபோர்னியாவில் பல நகரங்களில் நடக்கின்றன. விடிந்ததும் அங்கிருந்து நேராக வேலைக்குக் கிளம்பிப் போகிறவர்கள் அவர்களில் உண்டு.

அடுத்தது போதை. எதிரணியின் பெரிய ஆயுதம் இதுதான். போதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்; இருக்கிறது, கொடுமையாக இருக்கிறது. ஆனால் போதைதான் காரணம் என்றால், போதைச் சாவு அதிகமாக உள்ள மாநிலத்தில்தானே தெருவில் கிடப்பவர்களும் அதிகம் இருக்க வேண்டும்? மேற்கு வர்ஜீனியா. அளவுக்கு மீறிய போதையால் சாவோர் விகிதத்தில் பல ஆண்டுகளாக அந்த நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும் மாநிலம், ஏழை மாநிலமும்கூட. அங்கே வீடற்றவர்களின் விகிதம் கலிபோர்னியாவைவிட மிகக் குறைவு. காரணம், அங்கே வாடகை குறைவு. குடிக்கிறவரும் நோயாளியும் வாடகை கொடுத்து ஒரு வீட்டுக்குள் இருக்க முடிகிறது, அவ்வளவுதான்.

மனநோயாளிகளையும் சொன்னார்கள். 1955-ல் அந்த நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களை வெளியே விட்டு, ஊர்தோறும் சிகிச்சை மையம் கட்டுவோம் என்று 1963-ல் சட்டம் போட்டார்கள். வெளியே விட்டார்கள். மையங்களைச் சொன்னபடி கட்டவில்லை. இதில் நோயாளியின் தவறு எது?

இனி எனக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். நான் ரேஷன், ஆதார் என்று ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிற வேலை செய்கிறவள். மாட்டுங்கா பக்கம் ஃபுட்பாத்தில் பூக்கட்டிப் பிழைக்கும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். அவர் தலைக்கு வைத்துப் படுப்பது ஒரு புடவைக் கடைப் பை. உள்ளே ஆதார் கார்டு, சின்னவளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பெரியவனின் பள்ளிச் சான்று. மழை படாமல் இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். ஒரு நாள் காலை அவர் பிள்ளைகளோடு காசு கொடுத்துப் போகும் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மாநகராட்சி வேன் வந்து தார்ப்பாய், பாத்திரம், அந்தப் பை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பிறகு என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். ஆதார் இல்லாமல் வங்கியில் அலைய விடுவார்கள். விலாசம் இல்லாமல் மறுபடி காகிதங்கள் சேர்ப்பது மாதக் கணக்கில் இழுக்கும். காகிதம் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் இழுத்தடிப்பார்கள். அந்த நேரத்தில் அவ்வழியே போகிறவர் பார்ப்பது என்ன? பள்ளிக்கூட நேரத்தில் ஃபுட்பாத்தில் விளையாடும் குழந்தை. "இவங்கள்லாம் பிள்ளைகளைப் படிக்க வைக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அமெரிக்காவில் கூடாரங்களைக் கலைக்கும்போதும் இதே கதைதான். அடையாள அட்டை போகிறது, இன்சுலின் போகிறது. அட்டை இல்லாதவருக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை.

அதோடு விடவில்லை. ஓரிகன் மாநிலத்தில் கிராண்ட்ஸ் பாஸ் என்று ஒரு சின்ன ஊர். பொது இடத்தில் போர்வை விரித்துப் படுத்தால் 295 டாலர் அபராதம் போட்டார்கள். ஊரில் அப்போது வீடற்றவர்கள் சுமார் 600 பேர், படுக்க அரசுக் காப்பகம் ஒன்றுகூட இருக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜூன் 28-ம் தேதி, அபராதம் போடலாம் என்று ஆறு நீதிபதிகள் சொன்னார்கள், கூடாது என்று மூன்று பேர். வாடகைக்கே வழியில்லாதவரிடம் 295 டாலர்!

நம்ம ஊரும் இந்தப் பார்வைக்குத் தப்பவில்லை. இன்றும் மகாராஷ்டிரத்தில் இருக்கும் 1959-ம் ஆண்டுப் பம்பாய்ப் பிச்சைத் தடைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி பிழைப்பு ஏதும் இல்லாமல் பொது இடத்தில் திரிந்தாலே அது பிச்சை எடுப்பதில் சேரும். வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம், செம்பூரில் அதற்கென்றே இல்லம் இருக்கிறது. ஒருவர் தோற்றத்தை வைத்தே அவரைக் குற்றவாளி ஆக்கும் சட்டம். டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் அதன் முக்கியமான பிரிவுகளை டெல்லியில் ரத்து செய்தது.

1981 ஜூலை இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஃபுட்பாத்வாசிகளைக் காலி செய்து சொந்த ஊருக்கு அனுப்பு என்று முதலமைச்சர் அந்துலே உத்தரவு போட்டார். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலம் இல்லாத கூலி. ஊரில் பஞ்சம் என்று 1961-ல் பம்பாய்க்கு வந்தவர். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாளுக்கு 23 ரூபாய் சம்பளம். நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் ஷீட்டில் ஒரு குடிசை போட ஒரு தாதாவுக்கு 2,500 ரூபாய் அழுதவர். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். ஜூலை 23-ம் தேதி குடிசையை இடித்துக் குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு அவர் மறுபடி பம்பாய்க்கே வந்தார், மறுபடி ஃபுட்பாத்துக்கே வந்தார். வேலை இங்கேதானே இருந்தது! இதெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. குடிசைகளை அகற்றலாம் என்றுதான் 1985-ல் முடிவு வந்தது. ஆனால் பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம், பிழைக்கும் உரிமை வாழும் உரிமையில் அடங்கும் என்று ஐந்து நீதிபதிகளும் எழுதினார்கள். அண்ணாச்சி, அந்தச் சேலத்துக்காரருக்கு உடம்பு வளையவில்லை என்று உங்கள் வாயால் சொல்வீர்களா? சொல்ல மாட்டீர்கள், உங்களை எனக்குத் தெரியும். அப்படியானால் கலிபோர்னியாக் கூடாரத்தில் இருப்பவருக்கும் அதே மனசோடு தீர்ப்புச் சொல்லுங்கள்.

"நம்ம பிள்ளைகள் இரண்டு பெட்டியோடு போய் வீடு வாங்கவில்லையா?" என்றும் கேட்டீர்கள். வாங்கினார்கள், சந்தோஷம். அந்தப் பெட்டியில் டிகிரி இருந்தது, விசா இருந்தது, இறங்கும்போதே வேலை காத்திருந்தது.

கடைசியாக, வழி இருக்கிறதா என்ற கேள்வி. பின்லாந்தில் 1987-ல் 18,000 பேருக்கு மேல் வீடற்றவர்கள். 2008-லிருந்து, "முதலில் குடியை நிறுத்து, பிறகு வீடு" என்ற நிபந்தனையை விட்டுவிட்டு முதலில் சாவியைக் கையில் கொடுத்தார்கள். 2023-ல் 3,500-க்கும் கீழே வந்துவிட்டது. அது சின்ன நாடு என்பார்கள். சரி, அமெரிக்காவிலேயே ஹூஸ்டன். 2011-க்குப் பிறகு இதே முறையில் வீடற்றவர் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். நாடு அதேதான், அங்கேயும் போதை இருக்கிறது. நகரம் தன் வேலையைச் செய்தது.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணியில் அடுத்துப் பேச வரும் தங்கச்சியிடம் ஒரு கணக்கை விட்டுவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் முறையில் 2020-ல் நூற்றுக்கு 9.7 குழந்தைகள் வறுமையில் இருந்தார்கள். 2021-ல் பிள்ளைகளுக்கான வரிச் சலுகையைக் கூட்டினார்கள். ஆறு மாதம், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 250, 300 டாலர் பெற்றோர் கைக்கே போனது. அந்த ஆண்டு வறுமை 5.2 ஆக இறங்கியது. நாடாளுமன்றம் அதை நீட்டிக்கவில்லை. 2022-ல் 12.4. அதே தாய் தகப்பன்தான், அதே பிள்ளைகள்தான். 2021-ல் உழைப்பாளிகளாக இருந்த பெற்றோர் 2022-ல் எப்படிச் சோம்பேறி ஆனார்கள் என்று தங்கச்சி இந்த மேடையில் விளக்கட்டும். விளக்க முடியாவிட்டால் தீர்ப்பை நடுவர் எங்கள் பக்கம் எழுதட்டும். வணக்கம்.