காகங்கள் வந்து அமரும் நேரம்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் நம்மில் பலர் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1963இல் எடுத்த 'தி பேர்ட்ஸ்' படத்தில், அந்தக் காலத்துப் படங்களில் தவறாமல் வரும் 'முற்றும்' என்ற எழுத்து வராது. வேண்டுமென்றேதான் அவர் அதைப் போடவில்லை.

பறவைகள் ஏன் மனிதர்களைத் தாக்குகின்றன? உணவகக் காட்சியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பறவைகளைப் பற்றிக் கரைத்துக் குடித்த மூதாட்டி, இப்படி நடக்கவே நடக்காது என்று சாதிக்கிறார். ஒரு குடிகாரர் உலகம் அழியப்போகிறது என்கிறார். இரண்டு பிள்ளைகளோடு நிற்கும் ஒரு தாயோ, நாயகி மெலனியைப் பார்த்து, 'நீ வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது' என்று கத்துகிறாள். பறவைகளைவிட அந்தத் தாய்தான் எனக்கு அதிக அச்சம் தருகிறாள். காரணம் தெரியாத துன்பத்துக்கு அவளுக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. ஊருக்குப் புதிதாக வந்த பெண் எதிரிலேயே நிற்கிறாள்.

இதன் மூலக்கதையை 1952இல் டாஃப்னி து மோரியே எழுதினார். அது இங்கிலாந்தின் கார்ன்வாலில் நடப்பது. ஹிட்ச்காக் அதைக் கலிஃபோர்னியாவின் பொடேகா பே என்ற கடலோர ஊருக்குக் கொண்டுவந்தார். படத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த 1961 ஆகஸ்டில், அதே மாநிலத்தின் கேபிடோலாவில் ஓர் இரவு கடற்பறவைகள் கூட்டமாக வந்து வீடுகளில் மோதி விழுந்தன. டார்ச் விளக்கோடு வெளியே வந்தவர்கள், பறவைகள் வெளிச்சத்தை நோக்கிப் பாய்ந்ததும் உள்ளே ஓடினார்கள். கடல் நுண்பாசியில் உண்டாகும் டோமோயிக் அமிலம் என்ற நஞ்சு இரை வழியாக அவற்றின் மூளையைப் பாதித்திருக்கும் என்று பல்லாண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அந்த விளக்கம் அன்றே கிடைத்திருந்தாலும் ஹிட்ச்காக் அதைப் படத்தில் வைத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்கூடக் காட்சியைக் கொஞ்சம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். மெலனி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறாள். உள்ளே பிள்ளைகள் பாடுகிறார்கள். பாட்டு முடிவேனா என்கிறது. அவளுக்குப் பின்னால், பிள்ளைகள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்தில் ஒரு காகம் வந்து அமர்கிறது. பிறகு இன்னும் சில. அடுத்து வெகுநேரம் அவள் முகம் மட்டும்தான். சட்டத்தை ஹிட்ச்காக் நமக்குக் காட்டவே மாட்டார். திரும்பிப் பார் அம்மா என்று நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. வானத்தில் தனியாக ஒரு காகம் பறந்து வருகிறது. அவள் கண் அதைத் தொடர்கிறது. அது போய் அமரும்போதுதான் பார்க்கிறோம்: சட்டம் முழுக்கக் கறுப்பு. ஒரு சத்தம் இல்லை. இறக்கை அசையாமல் பறவைகள் அமர்ந்திருப்பதைக் கொண்டே இவ்வளவு பயத்தை எழுப்ப முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆஸ்கர் சாலாவும் ரெமி காஸ்மனும் டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் பறவை ஒலிகளை உருவாக்கினார்கள். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் ஒலி ஆலோசகராக உடனிருந்தார். நாம் கேட்ட கிரீச்சொலிகளில் பல எந்தப் பறவையின் தொண்டையிலிருந்தும் வந்தவை அல்ல. நம் காதுக்குப் பழக்கமான ஒன்று இப்படி அந்நியமாகிப்போனதுதான் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது.

நாயகனின் தாய் லிடியா பக்கத்துப் பண்ணைக்குப் போகும் இடமும் அப்படித்தான். சமையலறையில் உடைந்த தேநீர்க் கோப்பைகள் வரிசையாகத் தொங்குகின்றன. முதல் நாள்தான் தன் வீட்டில் குருவிகள் உடைத்துப்போட்ட பீங்கானைப் பொறுக்கியவள் அவள். கோப்பைகளைக் கண்டதுமே அவளுக்குப் புரிந்துவிடுகிறது. வெளியே ஓடிவந்து வாய் திறக்கிறாள், குரல் வரவில்லை. அந்த அலறலை அவள் ஓட்டிச் செல்லும் வண்டிதான் அலறுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் என்னால் இறங்க முடியாது. மாடி அறைக் காட்சிக்காக, மெலனியாக நடித்த டிப்பி ஹெட்ரன்மீது ஐந்து நாள் உயிருள்ள பறவைகளை எறிந்தார்கள். இயந்திரப் பறவைகள் என்றுதான் தன்னிடம் முதலில் சொன்னதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். கண்ணுக்கருகே காயம் பட்டது. மருத்துவர் கட்டாய ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காட்சியில் நாம் கண்ட களைப்பு நடிப்பு மட்டும் அல்ல. எந்தக் கலைக்காகவும் ஒருவரை அப்படி வதைத்திருக்கக் கூடாது. படத்தை நேசிக்கும் நான் இதை மனமாரச் சொல்கிறேன்.

கடைசியில் விடியற்காலை. வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டியவரை பறவைகள். கார் மெல்ல நகரப்போகிறது. அப்போது சிறுமி கேத்தி, தன் லவ் பேர்ட்ஸை எடுத்துக்கொள்ளலாமா, அவை யாரையும் ஒன்றும் செய்யவில்லையே என்று அண்ணனிடம் கேட்கிறாள். அவனும் சரி என்கிறான். கூண்டோடு அந்த இரண்டு பறவைகளும் காரில் ஏறுகின்றன.