எம்ஜிபி வாங்கப் போகிறீர்களா? எஞ்சினை விடுங்கள், கதவைப் பாருங்கள்!

[காட்சி: பளபளக்கும் பச்சை நிற எம்ஜிபி ரோட்ஸ்டர். கேமரா கதவின் பின்விளிம்பை நெருங்குகிறது.]

வணக்கம். எம்ஜிபி என்ற இந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கலாமா, கூடாதா என்பதைப் பானெட்டைத் திறக்காமலேயே கணித்துவிடலாம் என்றால் நம்புவீர்களா? கதவுக்கும் பின்பக்கத் தகட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள்: மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கிறது. வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்பதற்கு இதுவே முதல் அறிகுறி. விற்பவர் எஞ்சின் ஓசையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்த வரிசையில் 5 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வெளிவந்தன. அதனால்தான் இதன் 1798 சிசி எஞ்சினுக்கு இன்றும் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. எஞ்சின் கெட்டால் கவலையில்லை. உடல் கெட்டால்தான் பணப்பை காலியாகும்.

[காட்சி: கதவுக்குக் கீழுள்ள சில் பேனலின் குறுக்குவெட்டு வரைபடம்]

இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. தீப்பெட்டியின் மேலுறையைக் கழற்றிவிட்டு உள்தட்டை மட்டும் கையில் பிடித்து முறுக்கிப் பாருங்கள், எவ்வளவு எளிதாக வளைகிறது என்பது தெரியும். வளையாமல் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பேனல்களுக்கு உரியது. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு தகடு என மூன்றும் சேர்ந்துதான் பெட்டி போன்ற சில் பேனல் உருவாகிறது. பிரிட்டனின் குளிர்காலச் சாலைகளில் தூவப்படும் உப்பு சேற்றோடு முன்சக்கரத்தின் பின்னே தங்கி, உள்ளே இருக்கும் தகட்டைத்தான் முதலில் தின்கிறது. வெளியே தெரியும் தகடு கடைசி வரை யோக்கியமாகச் சிரித்துக்கொண்டிருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து 2018 முதல் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. துரு பிடிக்கும் வயதில்தான் சோதிப்பவர் விடைபெறுகிறார்! ஆகவே ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். நல்ல தகட்டில் அது ஒட்டும். கனமாகப் பட்டி பார்த்து வண்ணம் பூசிய இடத்தில் வழுக்கி விழும்.

[காட்சி: கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் கம்பி பற்றவைக்கப்படுகிறது]

பழுதுபார்க்கும் முறைக்கு வருவோம். இந்தப் பகுதி சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டுவதற்கு முன்பே வண்டியைச் சமமாகத் தாங்கிப் பிடித்து, கதவின் இடைவெளியைச் சீராக்கி, கதவுத் திறப்பின் குறுக்கே வலுவான கம்பிகளைப் பற்றவைத்துவிட வேண்டும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும், கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காகச் சாத்தாது. ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டிப் பார்த்த பிறகே முழுப் பற்றவைப்புக்குப் போவது நல்லது. சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்குவழி இல்லை.

மலிவான டிங்கரிங் வேலையின் தந்திரம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சில் பேனல் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடிவதில்லை. முன்பக்க மட்கார்டுக்கு உள்ளேயும் பின்பக்கத் தகட்டுக்கு உள்ளேயும் நீள்கிறது. முன்மட்கார்டு போல்ட்டில் நிற்பதால் கழற்றிவிடலாம், பின்தகட்டின் கீழ்ப்பகுதியையோ வெட்டித்தான் ஆக வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு, தெரியும் நீளத்துக்கு மட்டும் புதுத் தகட்டை ஒட்டுபவர்கள் துருவின் மேல் புது இரும்பை நிறுத்துகிறார்கள். இதைவிட மோசம், பழைய துருவின் மேலேயே உறைபோல ஒரு தகட்டை மாட்டிவிடுவது. என் கணக்கில் அது பழுதுபார்ப்பே அல்ல, மோசடி.

செலவில் பெரும்பகுதி தகட்டுக்கு அல்ல, கூலிக்கே போகிறது என்பதால் மிக் வெல்டிங்கை (கம்பியை மின்சாரத்தால் உருக்கித் தகடுகளை இணைக்கும் பற்றவைப்பு முறை) முறையாகக் கற்று, கழிவுத் தகட்டில் கை பழகிய பின் இறங்குவதே உண்மையான சிக்கனம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுக்கருவிகளைக் கொண்டே புத்தம்புது முழு உடலையும் தயாரித்து வருகிறது, ஆயினும் அது நம்மைப் போன்ற சிக்கனக்காரர்களுக்கு உரியதல்ல.

மின்சாரத்தைப் பற்றி ஒரே வாக்கியம்: 1967 வரை வந்த வண்டிகளில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும் என்பதால், அதை அறியாமல், எதிர்முனை உடலோடு இணைந்த வண்டிகளுக்கென உருவான புது ரேடியோவை மாட்டாதீர்கள்.

கடைசியாக, எந்த எம்ஜிபியை வாங்குவது? 1974-இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காகப் பெரிய கருப்பு பம்பரைப் பொருத்தி, வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். அழகு போயிற்று என்று ரசிகர்கள் இன்றும் முகம் சுளிப்பதால் அவை பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. பணம் குறைவு என்றால், உடல் உறுதியான கருப்பு பம்பர் வண்டியையே நான் பரிந்துரைப்பேன். அதற்கு முந்தைய, பளபளக்கும் குரோம் பம்பர் வண்டிகளின் ரசிகர்கள் என்னைத் திட்ட விரும்பினால் கீழே எழுதுங்கள். திட்டுவதற்கு முன் சேனலுக்குச் சந்தா செலுத்திவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது.