ஒரு விமானிக்காக மேலே வந்த நீர்மூழ்கிகள்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளை, எதிரியின் கரைக்குப் பக்கத்திலேயே போய் அமெரிக்க நீர்மூழ்கிகள் எப்படித் தூக்கிக்கொண்டு வந்தன என்பதைப் பற்றி இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நீர்மூழ்கி ஒளிந்திருக்கிற வரைக்கும்தான் அதற்கு உயிர். மேலே வந்துவிட்டால் எந்த விமானத்துக்கும் அது சுலபமான இலக்கு. உடம்பில் ஒரு குண்டு துளைத்தால் போதும், மறுபடி மூழ்க முடியாது, உள்ளே எழுபது எண்பது பேர் இருப்பார்கள். அப்படிப்பட்ட கப்பலை ஒரே ஒரு ஆளுக்காகப் பட்டப்பகலில், பீரங்கி பூட்டி வைத்திருக்கிற தீவுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்துவது என்றால், அந்த கேப்டனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

1943-ல், கில்பர்ட் தீவுகளைத் தாக்கப் போவதற்கு முன்னால், விமானந்தாங்கிப் படையின் அட்மிரல் பவ்னால் நீர்மூழ்கிப் படைத் தலைவர் லாக்வுட்டிடம் ஒரு உதவி கேட்டார். எங்கள் பையன்கள் கடலில் விழுந்தால் எடுப்பதற்கு அங்கே ஒரு நீர்மூழ்கியை நிறுத்தி வையுங்கள், கீழே ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே அவர்களுக்குத் தெம்பு வரும் என்றார். லாக்வுட் ஒத்துக்கொண்டார். அந்த அக்டோபரில் வேக் தீவுக்குப் பக்கத்தில் 'ஸ்கேட்' நீர்மூழ்கி ஆறு பேரை மீட்டது, ஆனால் சும்மா இல்லை. ஜப்பானிய விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து சுட்டதில் கப்பலின் இளம் அதிகாரி ஒருவர் அடிபட்டு இறந்துபோனார். லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் கேப்டன் ஸ்கேட்டுக்குச் செய்தி அனுப்பினார்: எங்கள் கப்பலில் எது வேண்டுமானாலும் கேளுங்கள், தூக்க முடியாத அளவுக்குப் பெரிசாக இருந்தால் வெட்டித் துண்டு துண்டாகத் தருகிறோம்.

என்னை மிகவும் உலுக்கியது 1944 ஏப்ரல் 1-ஆம் தேதி வோலியாய் தீவுக் கூட்டத்தில் நடந்தது. ஒரு இளம் விமானி அங்கே ஒரு சின்னத் தீவின் கரையில் ஒதுங்கிக் கிடக்கிறான். 'ஹார்டர்' நீர்மூழ்கியின் கேப்டன் சாமுவேல் டீலி, கப்பலின் மூக்கைப் பவளப்பாறையில் கொண்டுபோய் முட்டி நிறுத்தி, அலை புரட்டிப் போடாமல் இருக்க பின்னால் விசிறிகளை மெதுவாகச் சுழலவிட்டுக்கொண்டே இருந்தார். மூன்று பேர் தாங்களாகவே முன்வந்து, ரப்பர் படகோடும் கப்பலில் கட்டிய கயிற்றோடும் தண்ணீரில் குதித்தார்கள். தென்னை மரங்களுக்குப் பின்னாலிருந்து ஜப்பானியர்கள் சுடுகிறார்கள், மேலே அமெரிக்க விமானங்கள் சுற்றிச் சுற்றி வந்து அவர்களைத் தலைதூக்க விடாமல் அடக்குகின்றன. இவ்வளவுக்கும் நடுவில், உதவிக்கு வந்த ஒரு கடல் விமானம் அந்தக் கயிற்றின் மேலேயே ஓடி அதை அறுத்துவிட்டது! அப்புறம் நாலாவது ஆள் ஒருவர் புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு நீந்திப் போனார். கடைசியில் எல்லோரையும் இழுத்து ஏற்றிவிட்டார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை.

அதே வருஷம் ஜூனில் குவாம் தீவுக்கு அருகே 'ஸ்டிங்ரே'. விமானி ரப்பர் படகில் கரையை ஒட்டி மிதக்கிறான், கரையிலிருந்து பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டே இருக்கின்றன, மேலே வர வழியே இல்லை. கேப்டன் முங்கியபடியே, தண்ணீருக்கு மேலே பார்க்க உதவும் குழாயான பெரிஸ்கோப்பை மட்டும் நீட்டி அவனிடம் போனார். மூன்று முறை தவறிப்போய், நாலாவது முறை அவன் பெரிஸ்கோப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பீரங்கி எட்டாத தூரத்துக்கு அப்படியே இழுத்துக்கொண்டு போய் அப்புறம் மேலே வந்து ஏற்றிக்கொண்டார்கள்.

ட்ரக் தீவில் 'டாங்' நீர்மூழ்கி 1944 ஏப்ரல் 30, மே 1 இரண்டே நாளில் 22 பேரை எடுத்தது. அங்கே ஜான் பர்ன்ஸ் என்ற கடல் விமானி, விழுந்தவர்களை இறக்கைகளின் மேல் உட்கார வைத்து, பறக்க முடியாத பாரத்தோடு தண்ணீரிலேயே விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். அந்தப் புகைப்படம் இருக்கிறது, அவசியம் தேடிப் பாருங்கள்.

சரி, பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்கு வருவோம். 1944 நவம்பரிலிருந்து பி-29 விமானங்கள் மரியானா தீவுகளிலிருந்து ஜப்பானுக்குப் பறந்தன. போக மட்டும் சுமார் 2,400 கிலோமீட்டர், முழுக்கக் கடல். அடிபட்டோ எரிபொருள் தீர்ந்தோ வழியில் இறங்கினால் பதினோரு பேரும் தண்ணீரில்தான். அதனால் அந்தப் பாதை நெடுக நீர்மூழ்கிகளை நிறுத்தி, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்பதைப் புறப்படும் முன்பே விமானிகளுக்குச் சொல்லிவிடுவார்கள். இதில் பெரிய சிக்கல், நீர்மூழ்கியின் மேல்தளம் உயரம் குறைவு என்பதால் சில மைலுக்கு அப்பால் உள்ள படகு கண்ணில் படாது. அதற்காக மேலே ஒரு விமானம் வட்டமடித்துக்கொண்டே, இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று வழி சொல்லும். 1944 டிசம்பரில் 'ஸ்பியர்ஃபிஷ்' ஒரு பி-29-லிருந்து ஏழு பேரை எடுத்தது. 'டைக்ரோன்' மொத்தம் 31 பேரை எடுத்தது, எந்த நீர்மூழ்கியும் அதைத் தாண்டவில்லை.

இப்படி நீர்மூழ்கிகள் மீட்டவர்கள் 1943-ல் 7 பேர், 1944-ல் 117, 1945-ல் 380. ஆக மொத்தம் 504 பேர். கடைசி வருஷத்தில் இப்படி ஏறியதற்கு ஒரு காரணம், மூழ்கடிக்க ஜப்பானியக் கப்பல்களே அநேகமாக மிச்சமில்லாமல் போனது.

ஒருவனுக்காக எண்பது பேரைப் பணயம் வைப்பது நியாயமா என்று கேட்பார்கள். நியாயம்தான் என்பேன். 1944 செப்டம்பரில் சிச்சிஜிமா தீவுக்கு அருகே விழுந்த இருபது வயது விமானியை 'ஃபின்பேக்' எடுத்தது, அவர் பிற்பாடு அமெரிக்க அதிபரான ஜார்ஜ் புஷ், மூத்தவர். அவருடைய விமானத்தில் வந்த மற்ற இருவரும் பிழைக்கவில்லை. அதே தீவில் பிடிபட்ட வேறு விமானிகளைக் கொன்றார்கள், சிலரின் உடலைத் தின்றார்கள் என்று பின்னால் போர்க்குற்ற விசாரணையே நடந்தது. கைவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு விமானியும் பயந்துகொண்டிருந்தான்.

ஆனால் அந்த பி-29-கள் என்ன செய்துவிட்டுத் திரும்பின என்பதையும் மறைக்கக் கூடாது. 1945 மார்ச் 9-10 இரவில் டோக்கியோவில் சுமார் ஒரு லட்சம் பேர் எரிந்து செத்தார்கள், பெரும்பாலும் சாதாரண ஜனங்கள். மீட்புக் கதையை மட்டும் சொல்லி இதை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

மீட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பவும் இல்லை. டாங் 1944 அக்டோபரில், தான் ஏவிய டார்பிடோவே திரும்பி வந்து தாக்கி மூழ்கியது. கேப்டன் ஓகேன் உட்பட ஒன்பது பேர் மட்டும் தப்பி ஜப்பானியரிடம் கைதியானார்கள். ஹார்டர் அதற்கும் முன்பே, ஆகஸ்ட் 24-ஆம் தேதி, லூசான் கரைக்கு அப்பால் டீலியையும் சேர்த்து 79 பேரோடு போய்விட்டது. வோலியாயில் அவர்கள் காப்பாற்றிய விமானி போர் முடிந்து உயிரோடு ஊர் திரும்பினார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசலாம்.