மலைநாட்டுக்குத் தனிக் கணக்கு

(மலைநாட்டில் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்வோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொழில் நண்பர்களே, விடுதி நடத்துவோரே, தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து வந்திருக்கும் அலுவலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கொழும்பில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை செல்சியஸ். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 16 பாகையளவு. ஹட்டனும் பண்டாரவளையும் இடையில், 20ஐ ஒட்டி நிற்கின்றன. இந்தப் பன்னிரண்டு பாகை வித்தியாசத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இரண்டாம் தடவை எத்தனை நாளில் வருவது, உத்தரவாதம் எத்தனை மாதம், நச்சு வாயுவால் புகையூட்டிய களஞ்சியத்தை எப்போது திறப்பது என்று நம் கையிலிருக்கும் அட்டவணைகளில் பெரும்பாலானவை கொழும்புச் சூட்டை வைத்துப் போட்டவை. அவற்றை அப்படியே கடுகண்ணாவைக் கணவாய் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே நடத்துகிறோம். பூச்சிக்கு உடற்சூடு என்று தனியாக எதுவும் கிடையாது. அது இருக்கும் இடத்தின் சூடுதான் அதன் சூடு. முட்டை பொரிக்கும் நாள், மூச்சு விடும் வேகம், இரையெடுக்கும் இடைவெளி எல்லாம் அதோடு மாறும். ஆகவே நம் பைக்குள் தெளிகருவிக்கு முன்னால் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும்.

மூட்டைப்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன். எல்ல, நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கமெல்லாம் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் பெருகிவிட்டன. பயணப் பைகளோடு இந்தப் பூச்சியும் அறைக்கு அறை போகிறது. 30 பாகைச் சூட்டில் அதன் முட்டை ஐந்தாறு நாளில் பொரிக்கும். முட்டை முழுப்பூச்சியாக ஒரு மாதமும் ஆகாது. 18 பாகையில் முட்டை பொரிக்கவே சுமார் மூன்று வாரமாகும். முழுப்பூச்சியாக நான்கு மாதமளவு ஆகும். இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். முதல் மருந்து அடித்து 14ஆம் நாள் திரும்பிப் போகிறோம். கொழும்பில் அதற்குள் முட்டையெல்லாம் பொரித்து, வெளிவந்த குஞ்சுகள் மருந்தில் மாட்டும். நுவரெலியாவின் குளிர் அறையில் 14ஆம் நாள் பாதி முட்டைகள் மெத்தைத் தையலுக்குள் அப்படியே கிடக்கும். நாம் பூச்சியைக் காணாமல் "சரி, முடிந்தது" என்று கையெழுத்து வாங்கி வருகிறோம். அடுத்த வாரம் விருந்தினர் கடிபட்ட கையைக் காட்டுகிறார். மருந்தைக் குறைசொல்லிப் பயனில்லை, நாள் கணக்குத்தான் பிழை.

குளிர் அறையில் இரண்டாம் வருகை 21 முதல் 25ஆம் நாளுக்குள் அமையட்டும். மூன்றாவது அதற்கு இன்னும் மூன்று வாரம் கழித்து. ஆனால் அதே விடுதியில் இரவெல்லாம் ஹீட்டர் போடும் அறை இருந்தால் அங்கே 24 பாகை இருக்கும். அந்த அறைக்கு 12, 14 நாள் கணக்கே பொருந்தும். ஒரே கூரையின் கீழ் இரண்டு அட்டவணை என்றால் தலைவலிதான். இருந்தாலும் அறையறையாக வெப்பநிலையைக் குறித்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஏப்ரல் வசந்தகாலச் சீசன் முடிந்ததும் சில விடுதிகள் அறைகளைப் பூட்டிப் போடுகின்றன. இரத்தம் கிடைக்காமல் பூச்சி தானாகச் செத்துவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. சூட்டில் சில மாதங்களில் அது நடக்கலாம். குளிரில் ஓராண்டு தாண்டியும் பட்டினி கிடந்து பிழைக்கும் பிராணி அது. மூடிவைத்த அறையைத் திறக்கும்போது கட்டிலின் மூலைப் பொருத்து, மெத்தைத் தையல், திரைச்சீலையின் தலைமடிப்பு, சுவரோரப் பலகை, மின்சாரப் பெட்டியின் மூடி ஆகிய ஐந்தையும் டோர்ச்சோடு பார்க்காமல் ஆளைத் தங்க வைக்க வேண்டாம்.

வெப்பத்தால் கொல்வதற்கும் கணக்கு இருக்கிறது. 45 பாகையில் முழுப்பூச்சி சாக ஒன்றரை மணித்தியாலம் போதும். முட்டைக்கு அதே சூட்டில் ஏழு மணித்தியாலம் வேண்டும். 48 பாகைக்கு ஏற்றினால் முட்டையும் சுமார் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். நீராவிக் கருவி பிடிக்கிறவர்கள் ஓர் அடி தூரத்தைக் கடக்கக் குறைந்தது 10 விநாடி எடுக்க வேண்டும். முனை கடந்த கையோடு மேற்பரப்பு 70 பாகையாவது காட்ட வேண்டும். 12 பாகையில் கிடந்த மெத்தை நீராவிச் சூட்டை உறிஞ்சிக் குடித்துவிடும். வேலைக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். கம்பளியும் விரிப்பும் 60 பாகை நீரில் துவைத்து, உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணித்தியாலம் ஓட வேண்டும். கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைக்கும் முறை வவுனியாவில் நடக்கலாம், இங்கே நம்ப முடியாது. துவைக்க முடியாத சிறு பொருளை மைனஸ் 18 பாகை உறைபெட்டியில் நான்கு நாள் வைக்கலாம்.

அடுத்தது பாரமான விடயம். 2025 பெப்ரவரியில் கொழும்பில் ஒரு தங்கும் விடுதியில் வெளிநாட்டுப் பயணிகள் இருவர் இறந்தனர். அங்கே மூட்டைப்பூச்சிக்காகப் புகையூட்டல் செய்யப்பட்டிருந்தது என்று உள்நாட்டு, வெளிநாட்டுச் செய்திகளில் வந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து நம் தொழிலைப் பார்க்கும் கண் மாறிவிட்டது. மாறத்தான் வேண்டும். ஆள் உறங்கும் கட்டடத்துக்குள் பொஸ்பீன் என்ற புகையூட்டும் நச்சு வாயுவுக்கு இடமே இல்லை. "ஒரே ஒரு அறைதான், மற்ற அறைகளை மூடிவிடுவோம்" என்பது மலைநாட்டில் இன்னும் ஆபத்து. பழைய பங்களாக்களில் பலகை உட்கூரைக்கு மேல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே வெளி. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலும் அப்படித்தான், காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் பல இடங்களில் கூரைத் தகரம்வரை எட்டுவதில்லை. ஒரு பக்கம் விட்ட வாயு மறுபக்கம் உறங்கும் பிள்ளையிடம் போகும். இப்படிக் கேட்டு வரும் வேலையை, எவ்வளவு தந்தாலும், மறுத்துவிடுங்கள்.

பொஸ்பீன் பயன்படும் இடம் களஞ்சியம். தோட்டத்துக் கூட்டுறவுக் கடையின் அரிசி, மா மூட்டை அடுக்கை எடுத்துக்கொள்வோம். 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 2.5 மீற்றர் உயரம் என்றால் 30 கன மீற்றர். 3 கிராம் அலுமினியம் பொஸ்பைட் வில்லை ஒன்று 1 கிராம் வாயு தரும். கன மீற்றருக்கு 1.5 கிராம் என்றால் 45 வில்லை. இதுவரை எல்லோருக்கும் தெரியும். எத்தனை நாள் மூடிவைப்பது என்பதில்தான் தவறுகிறோம். அமெரிக்க லேபல்களில் 20 பாகைக்கு மேல் 3 நாள், 16 முதல் 20 வரை 4 நாள், 12 முதல் 15 வரை 5 நாள், அதற்கும் கீழே 10 நாள், 5 பாகைக்குக் கீழ் செய்யவே வேண்டாம் என்று இருக்கும். அவுஸ்திரேலியர் இன்னும் கடுமை: 25க்கு மேல் 7 நாள், 15 முதல் 25 வரை 10 நாள், 15க்குக் கீழ் தடை. அங்கே வாயுவுக்குப் பழகிப்போன வண்டுகளை நேரில் கண்டதால் வந்த கடுமை அது. உங்கள் டின்னில் எழுதியிருப்பதே சட்டப்படி உங்களுக்குரியது. ஆனால் அது மூன்று நாள் என்று மட்டும் சொல்லி வெப்பநிலையைச் சொல்லாவிட்டால், மலையில் நீண்ட கணக்கையே எடுக்கச் சொல்வேன். குளிரில் வில்லை மெல்லவே கரையும். பூச்சியும் மெல்லவே மூச்சு வாங்கும். ஆகவே நஞ்சு உள்ளே போக நாளாகும். அரைகுறையாகத் திறந்தால் சாகாமல் தப்பிய வண்டின் வம்சம்தான் அடுத்த தடவை உங்களை எதிர்கொள்ளும்.

வெப்பநிலையை எடுப்பதும் அறைக் காற்றில் அல்ல, மூட்டையின் நடுவில் கம்பி வெப்பமானியைக் குத்தி, விடியற்காலையில். மூட்டை அடுக்கை மூடும் தாளின் விளிம்பை மணற்பைகளால் அமுக்கும்போது பை பைமேல் ஒரு சாணாவது ஏறியிருக்க வேண்டும். வெடித்த சீமெந்துத் தரையில் ஈரமணல் பூசாமல் தாளை விரிக்காதீர்கள். பத்து நாள் கடைசியில் உள்ளே வாயு 200 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு, இருந்தால்தான் வேலை முடிந்தது என்று சொல்லலாம். ஆள் நுழையும்போது 0.3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். பூண்டு வாடை இல்லையென்றால் வாயு இல்லை என்று எண்ணுவது உயிரோடு விளையாடுவது. வாடை கலப்புப் பொருளால் வருவது, அது போன பின்னும் வாயு நிற்கும். அளவுமானி வாங்க முடியாதவர் இந்த வேலையை எடுக்கக் கூடாது.

பனி மூட்டத்தில், மழைத் தூறலில் டின்னைத் திறப்பதும் இங்கே மட்டும் வரும் தொல்லை. ஈரம் பட்ட மறுகணமே வாயு கிளம்பும். வில்லைகளைக் குவித்து வைத்தால் தீயும் பிடிக்கும். தட்டில் ஒன்றோடொன்று படாமல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்கு, நம் பேச்சில் ஸ்டோருக்கு, வருவோம். 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் கப்ரா வண்டு கண்டதாக ரஷ்யா நம் தேயிலையைத் தற்காலிகமாக நிறுத்தியது நினைவிருக்கும். அந்த மாத முடிவுக்குள் தடை நீங்கியது. ஆனால் ஒரு வண்டு எத்தனை குடும்பத்தின் அடுப்பைத் தொடும் என்று அந்தச் சில நாள்களில் கண்டோம். கப்ரா தானிய வண்டு. தேயிலை அதன் உணவே அல்ல. பொதி, பலகைத் தட்டு, கொள்கலனின் தரைப்பலகை ஆகியவற்றின் இடுக்கில் அதன் மயிரடர்ந்த புழு இரையின்றி ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். ஆகவே நம் கண் தேயிலையை விட்டுப் பொதியிடும் இடத்துக்குப் போக வேண்டும். மரத்தட்டில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதா, அதாவது மரத்தின் நடுப்பகுதி 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதா அல்லது மெதைல் புரோமைட்டால் புகையூட்டப்பட்டதா என்று பார்க்க வேண்டும். கொள்கலன் முன்பு அரிசியோ பருப்போ ஏற்றியதா என்று கேட்க வேண்டும். தரை இடுக்கைக் கூட்டாமல், உறிஞ்சும் இயந்திரத்தால் எடுக்க வேண்டும்.

ஸ்டோருக்குள் தெளிப்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். உணவில் எஞ்சும் அளவுக்குத் தனி எல்லை வைக்காத இரசாயனத்துக்கு ஐரோப்பாவும் ஜப்பானும் வைத்திருக்கும் பொது எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு டொன் தேயிலைக்கு 10 மில்லிகிராம். 2.5 வீதச் செறிவு மருந்தில் அரை மில்லிலீற்றருக்கும் குறைவான துளியில் அவ்வளவு இருக்கிறது! கொழுந்து வாட்டும் தட்டுக்கு மேலே காற்றாடி ஓடும் இடத்தில் அந்தத் துளி எங்கே போகும்? மேலும் காய்ந்த தேயிலை வாடையை இழுக்கும் பண்டம். மண்ணெண்ணெய் கலந்த மருந்தின் வாடை ருசி பார்ப்பவரின் நாக்கில் தெரியும். ஒட்டுப்பொறி, பசைப்பலகையோடு கூடிய விளக்கு, கதவடித் தூரிகை, ஒட்டடை நீக்கல் என்று நடத்தி, மாதா மாதம் பொறியில் விழுந்த எண்ணிக்கையை எழுதிக் கொடுங்கள். தணிக்கைக்கு வருபவர் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

தேயிலை மலைக்குள் மருந்தடிக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள். அது தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைப்படி தோட்டம் செய்ய வேண்டியது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவிதான் இலைசுருட்டிப் புழுவை அடக்கி வைத்திருக்கிறது. 1950களில் தேயிலைக் கிளையைத் துளைக்கும் துளைவண்டுக்கு டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தபோது அந்தக் குளவியும் செத்து, புழு மறுபடி மலைமலையாகக் கிளம்பியது.

எலி. தென்மேல் பருவமழை மே மாதம் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் இறங்கியதும் எலி லயத்துக்குள் ஏறும். பதுளைப் பக்கம் அது ஆண்டிறுதி மழையோடு வரும். தனிக் காம்பராவுக்கு வேலை எடுப்பது வீண். அடுத்த காம்பராவின் உருளைக்கிழங்கு மூட்டைக்குள் எலி மாறி இருக்கும், அவ்வளவுதான். லயம் முழுவதற்கும் ஒரே நாளில் செய்ய தோட்ட நிருவாகத்தோடு ஒப்பந்தம் போடுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீற்றர் இடைவெளி போதும், பெரிய எலியின் குட்டிக்கு 12. உருக்குக் கம்பிநாரைத் திணித்து அதன்மேல் சீமெந்து பூசுங்கள். தனிச் சீமெந்தைக் கொறித்துவிடும். ஈரத்தில் தானிய இரை இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மெழுகுக் கட்டிகளையே பூட்டுள்ள பெட்டிக்குள் கம்பியில் கோத்து வையுங்கள். லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம், பொறி போதும். எலிநஞ்சான புரோமடயலோன் 0.005 வீதம் கலந்த இரை தின்ற எலி மூன்று முதல் ஏழு நாளில் சாகும். அதற்குள் தள்ளாடும் எலியை ஆந்தையும் காட்டுப்பூனையும் பிடிக்கும். தினமும் போய்ச் செத்ததைப் பொறுக்கிப் புதைப்பதும் நம் வேலை. கையுறை போடாமல் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியாக வருவது.

கறையானுக்கு மண்ணில் மருந்து ஊற்றுவதில் ஒன்றே ஒன்று: சரிவின் கீழே பீலியோ ஊற்றோ இருந்தால் ஊற்றாதீர்கள். இரைப்பெட்டி முறை செலவு கூடியது, ஆனால் லயத்தின் குடிநீர் தப்பும்.

விலைக்கு வருகிறேன். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள் சொந்தப் பணத்தில் மருந்து வாங்கினார்கள். ஒப்பந்தத்தில் மருந்துச் செலவையும் கூலி, போக்குவரத்துச் செலவையும் வேறு வேறாக எழுதி, இறக்குமதி விலை மாறினால் முதற் பகுதி மட்டும் திருத்தப்படும் என்று போடுங்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெறாத போத்தலைச் சில்லறையாகப் பிரித்து விற்பவரிடம் வாங்காதீர்கள். தமிழில் லேபல் இல்லாத போத்தலை நம் பையன்கள் எப்படி வாசிப்பார்கள்?

ஆறு அறை விடுதிக்கு மூட்டைப்பூச்சி விலைமனு கேட்டால் மூன்று வருகையையும் சேர்த்தே ஒரே தொகையாகச் சொல்லுங்கள். முதல் நாள் பாதி, 21ஆம் நாளுக்குப் பின் கால், மூன்றாம் வருகையில் கட்டில் கால்களின் கீழ் வைத்த பொறிக்கிண்ணங்கள் இரண்டு வாரம் வெறுமையாக இருந்தால் மீதி. உத்தரவாதச் சீட்டில் மாதக் கணக்கை எழுதுவதற்கு முன் அறையின் வெப்பநிலையை எழுதுங்கள், விடுதிக்காரரிடமும் அந்த வரியில் கையெழுத்து வாங்குங்கள்.