அம்மாவின் படங்களுக்குத் தங்கச்சி ஓனர் ஆன கதை

வணக்கம் மக்களே, குரல் கரகரவென்று இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி 2 மணி வரை சர்வரோடு மல்லுக்கட்டினேன். போன வீடியோவில் வீட்டுப் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு 640 ஜிபியை எஸ்சிபி என்கிற நகலெடுக்கும் கட்டளை வைத்து மாற்றிவிட்டுப் பீற்றிக்கொண்டேனே, அதை மறந்துவிடுங்கள். எஸ்சிபியில் மைனஸ் பி போட்டால் தேதியும் பெர்மிஷனும் (யார் திறக்கலாம் என்கிற அனுமதி) வரும், ஓனர், அதாவது ஃபைல் யாருடையது என்பது, வராது. யார் பெயரில் லாகின் செய்தோமோ எல்லாம் அந்த ஆள் தலையில் வந்து விழும். அம்மாவின் படம், தங்கச்சியின் நோட்ஸ், எல்லாவற்றுக்கும் நானே முதலாளி.

சரி, ஓனரையும் சேர்த்துக் கொண்டுவரும் ஆர்சிங்க் கட்டளை, அதோடு மைனஸ் ஏ என்று இறங்கினேன். சிங்கப்பூர் தோ பாயோவில் இருக்கும் நண்பன் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே "நியூமெரிக் ஐடிஸ் கண்டிப்பா போடு" என்றான், நானும் போட்டேன். காலையில் அம்மா, "டேய், என் படமெல்லாம் திறக்கவே மாட்டேங்குதுடா!"

விஷயம் இதுதான். சர்வரில் ஓடும் லினக்ஸ், டிஸ்கில் ஓனரின் பெயரை எழுதாது, அவர் கணக்கின் நம்பரைத்தான் எழுதும். பழைய சர்வரில் அம்மா 1001, தங்கச்சி 1002. புதியதில் தங்கச்சி நச்சரித்ததால் அவள் கணக்கை முதலில் திறந்தேன், 1001 அவளுக்குப் போய்விட்டது. ஆர்சிங்க் சும்மா விட்டால் பெயரைப் பார்த்துச் சரியாகத்தான் சேர்க்கும், நான்தான் நியூமெரிக் ஐடிஸ் போட்டு, நம்பரையே பிடி என்று சொல்லிக் கெடுத்தேன். முழு சிஸ்டத்தையும் அப்படியே நகல் எடுக்கும்போது போடவேண்டியது அது, இதற்கு இல்லை!

ஆ, கேபிளைச் சொல்ல மறந்துவிட்டேன். முதலில் 640 ஜிபிக்கு 16 மணி நேரம் காட்டியது, பார்த்தால் பழைய நெட்வொர்க் கேபிள் 100 எம்பிபிஎஸ் வேகத்திலேயே நின்றது. வேகமான கேட் 6 ரகக் கேபிள் ஒன்று 9 வெள்ளி 90 காசு கொடுத்து வாங்கினேன், இரண்டு கடை தள்ளி அதே கேபிள் 5 வெள்ளி. அந்த 4 வெள்ளி 90 காசு இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது, எத்தனை கோப்பி குடித்திருக்கலாம்!

அப்புறம் நியூமெரிக் ஐடிஸை எடுத்துவிட்டு, முதலில் மைனஸ் என் (எதையும் மாற்றாமல் ஓட்ட), மைனஸ் ஐ (என்னென்ன மாறும் என்று காட்ட) போட்டு ஒத்திகை பார்த்து, மறுபடி ஓட்டினேன். ஃபைலின் அளவும் தேதியும் ஒத்துப்போனால் அந்த ஃபைலைத் திரும்பக் கடத்தாமல் ஓனரை மட்டும் மாற்றியது. 4 நிமிடம்! நாற்காலியிலிருந்து எழுந்து ஆடினேன், நல்லவேளை கேமரா ஓடவில்லை.

இன்னொன்று, ஃபைல் போய்ச் சேரும் சர்வரில் ரூட் உரிமை (முழு நிர்வாக அதிகாரம்) இல்லாவிட்டால் ஓனர் மாறவே மாறாது, அங்கே அந்த அதிகாரத்தைத் தரும் சூடோவோடு ஆர்சிங்க் ஓடவேண்டும். மைனஸ் ஏ மட்டும் போதாது, ஹார்ட் லிங்க்குக்கு (ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர்) பெரிய எச், ஏசிஎல்லுக்கு (ஆளாளுக்குத் தனி அனுமதிப் பட்டியல்) பெரிய ஏ, ஃபைலோடு ஒட்டியிருக்கும் கூடுதல் பண்புகளுக்குப் பெரிய எக்ஸ். நான் எச்சை விட்டுவிட்டேன், ஒரே ஃபைல் தனித்தனி நகலாகி பேக்கப் போல்டர் இரண்டு மடங்கு வீங்கிவிட்டது, அதை இன்று ராத்திரி பார்க்கவேண்டும்.

தங்கச்சி ஓனராக இருந்த அந்தச் சில மணி நேரத்தில் தன்னுடைய மொட்டைத்தலைப் படத்தைச் சத்தமில்லாமல் அழித்திருக்கிறாள். பழைய சர்வரை நான் இன்னும் துடைக்கவில்லை, ஆர்சிங்க் அதையும் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது.