வடகமும் கழிவிரக்கமும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன கோடையில் ஒரு மத்தியானம். முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா மொட்டை மாடியில் தாளிப்பு வடகம் காயவைத்துவிட்டு வெளியே போயிருந்தார். சின்ன வெங்காயமும் உளுந்தும் சேர்த்துப் பிசைந்து, பகலில் காயவைத்து, சாயங்காலம் விளக்கெண்ணெய் தொட்டுத் திரும்ப உருட்டி, நாலு நாள் உழைப்பு. திடீரென்று மழை. சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. எழுந்து போக சோம்பல். அவர் வந்து கேட்டபோது, "நான் வீட்டிலேயே இல்லையேக்கா" என்று வேறு சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி மனதுக்குள் இருந்ததற்கு என்ன பெயர்? பச்சாத்தாபம் என்பார்கள். வடமொழிச் சொல். முன்பாதிக்குப் 'பின்பு' என்று பொருள், தாபம் என்றால் வெப்பம். செய்த பிறகு சுடுகிறது. வள்ளுவரும் 'பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்' என்கிறார். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசுகிறவர்களைக் கேட்டால் 'ரெமோர்' என்பார்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு மறுபடி கடிப்பது என்று பொருள். நாம் பேச்சில் 'உறுத்துது' என்கிறோம், கண்ணில் விழுந்த மணல் மாதிரி.

எனக்குப் பிடித்த சொல் கழிவிரக்கம். கழிவு என்றதும் குப்பை வண்டியை நினைக்க வேண்டாம். இங்கே அது கழிந்து போனது, நடந்து முடிந்தது. இரக்கம் என்பது இரங்குதல், அதாவது நொந்து வருந்துவது. சங்கப் பாடல்களில் கடற்கரையைப் பாடும் நெய்தல் திணைக்கு உரிப்பொருளே, அதாவது அதற்கென்று உரிய உணர்வே, இரங்கல்தான். பிரிந்து போனவனை எண்ணிக் கடற்கரையில் தலைவி படுகிற பாடு. இரங்கல் கூட்டம் என்கிறோமே, அதுவும் இதே சொல். 'எற்றென்று இரங்குவ செய்யற்க' என்ற குறளில், ஐயோ இப்படிச் செய்துவிட்டோமே என்று பின்னால் வருந்தும்படியான காரியத்தைச் செய்யாதே என்கிறார்.

இப்போது பலர் கழிவிரக்கத்தை, தன்னைத் தானே 'பாவம்' என்று பார்த்துக்கொள்வதற்குப் பயன்படுத்துகிறார்கள். இரக்கம் என்றாலே பரிதாபம் என்று ஆகிவிட்டதால் வந்த வினை. சொற்கள் பொருள் மாறத்தான் செய்யும், சரி. ஆனாலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வடகம் நனைந்ததில் பாவம் நானா?

அப்புறம் அக்கா புதிதாக வடகம் போட்டார். ஒரு டப்பா நிறைய எனக்கும் கொண்டுவந்தார். "நீ இருந்திருந்தா எடுத்து வச்சிருப்பே தம்பி" என்றார். டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

அவர் வீட்டில் காலையில் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா, அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன்.