கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?

வணக்கம் நேயர்களே. நான் பினாங்குல 28 வருஷம் நர்ஸா இருந்து ரிட்டையர் ஆனவ. கிளினிக்ல நம்ம ஆளுங்க எங்கிட்ட அதிகமா கேட்டது இதுதான், "மிஸி, சீனி எட்டு காட்டுது, எனக்கு இனிப்பு நீரா?" இனிப்பு நீர்னா சர்க்கரை நோய், எட்டுன்னா ரத்தத்துல இருக்கற சீனி, நம்ம ஊரு மில்லிமோல் கணக்குல. நான் உடனே திருப்பிக் கேப்பேன், கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு. அது தெரியாம அந்த எட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க.

ரொட்டி சானாயும் தே தாரேயும் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல குத்திப் பாத்தா நல்லா இருக்கறவங்களுக்கும் 7, 7.5ன்னு வரலாம், ஆனா ராத்திரி முழுக்க ஒண்ணும் சாப்பிடாம வந்து அதே எட்டு காட்டினா சும்மா விடக்கூடாது. வெறும் வயித்துல 6.0 வரைக்கும் சரி, 6.1லேர்ந்து 6.9 வரைக்கும் எல்லையில நிக்கிறீங்க, 7.0 தொட்டா இனிப்பு நீர் கணக்கு. நேரம் பாக்காம எடுக்கற ராண்டம் டெஸ்டுக்கு 11.1. தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, காரணமே இல்லாம எடை குறையறது இதெல்லாம் இருந்து 11.1ஓ அதுக்கு மேலயோ வந்தா அதுவே போதும், ஒரு தொந்தரவும் இல்லன்னா இன்னொரு நாள் மறுபடி எடுத்துத்தான் டாக்டர் முடிவு சொல்வாரு. அதுவும் கை நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல பாக்கணும், விரல்ல குத்தறது மட்டும் பத்தாது.

வெறும் வயிறுன்னா குறைஞ்சது 8 மணி நேரம், பச்சத்தண்ணி மட்டும். தைப்பூச விரதத்துல பாலும் பழமும் எடுத்துக்கறோமே, அது இங்க செல்லாது, சீனி போடாத கோப்பி கூட வேணாம். ஒரு அக்கா, பாவம், "மிலோதான் குடிச்சேன், சாப்பிடல"ன்னு சொன்னாங்க, மறுநாள் திரும்ப வர வேண்டியதாப் போச்சு.

"ஒண்ணுமே சாப்பிடலியே, எப்படி ஏறுச்சு?"ன்னு அழுதவங்களையும் பாத்திருக்கேன். ராத்திரி நாம தூங்கும்போது கல்லீரல் சேத்து வெச்ச சீனிய கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல விடும், இன்சுலின்தான் அத அளவோட நிறுத்தணும், அது சரியா வேலை செய்யலன்னா பட்டினி கிடந்தாலும் காலையில ஏறித்தான் இருக்கும். அதனால நேத்து என்ன தின்னேன்னு உங்களயே திட்டிக்காதீங்க.

இந்தியாவுல இருக்கற சொந்தக்காரங்க போன்ல "எனக்கு 126"ன்னு சொன்னா அத நம்ம கணக்குன்னு நெனச்சுப் பயந்துடாதீங்க, அங்க அளவே வேற, மில்லிகிராம் கணக்கு, நம்ம நம்பர 18ஆல பெருக்குங்க, நம்ம 7தான் அவங்க 126.

வீட்டுல மிஷின்ல பாக்கறவங்க முதல்ல கைய சோப்புப் போட்டுக் கழுவித் தொடைங்க, பழம் நறுக்குன விரலோட குத்தினா பொய்யா ஏறிக் காட்டும். டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி மட்டும் சோத்தக் குறைக்கறவங்களும் இருக்காங்க, காலை நம்பர் கொஞ்சம் இறங்கலாம், ஆனா எச்பிஏ1சிங்கற ரத்த டெஸ்ட் எடுத்தா ரெண்டு மூணு மாசக் கதை வெளிய வந்துரும்.

ஏற்கனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கறவங்க ஒண்ணு கேளுங்க. ரத்தம் எடுக்கற அன்னிக்குக் காலை மருந்த எப்பப் போடணும்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்குங்க, சாப்பிடாம போட்டா சில மருந்துக்குச் சீனி 4க்குக் கீழ இறங்கிக் கை நடுங்கலாம், வேர்த்துக் கொட்டலாம், மயக்கமே வரலாம். பையில ரெண்டு பிஸ்கட்டும் ஒரு சின்ன ஜூஸ் பாக்கெட்டும் வெச்சுக்குங்க, வரிசை நீளமா இருந்தாலும் தலை சுத்துச்சுன்னா காத்திருக்காம மிஸிகிட்ட சொல்லுங்க.